கிணற்றுக்கும் விளக்குக்கும் நடுவே

(யாங்கோனில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



எரிசக்தி மூலங்கள், தொழில்நுட்பம், வணிகம் ஆகிய மூன்றையும் இளைஞர்களுக்கு அறிமுகப்படுத்திப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பாடநூல்கள் இவற்றைத் தனித்தனிப் பாடங்களாக வைத்திருக்கும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, நீர், காற்று, சூரியன் என்று மூலங்களை முதலில் வரிசைப்படுத்துவார்கள். அடுத்து எந்திரங்களை விளக்குவார்கள். விலை, சந்தை, முதலீடு எல்லாம் கடைசியில் வரும். உங்கள் நாட்டில் அப்படிப் பிரித்துப் படிக்கத் தேவையில்லை. மூன்றும் பின்னிப் பிணைந்த வரலாறு ஐராவதி ஆற்றங்கரையிலேயே கிடைக்கிறது. அதையே இன்றைக்குப் பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஓர் ஊரில் எரிபொருள் இருக்கிறது என்பதால் மட்டும் அந்த ஊரில் விளக்கு எரிந்துவிடாது. மூலத்தையும் தொழில்நுட்பத்தையும் வணிகத்தையும் சேர்த்துக் கட்டுவது ஓர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் விளக்கேற்றப் போகிறவருக்கு இடம் இருந்தால்தான் அவர் வீட்டில் வெளிச்சம் வரும். எண்ணெய், உமி, கரி, அணை, எரிவாயு, சூரியன் என்று இந்த மண் கண்ட எல்லா எரிசக்தியும் இதற்குச் சாட்சி. ஆறு கூறுகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. மூலம்: கிணறு யாருடையது?

ஐராவதியின் கிழக்குக் கரையில் இருக்கும் யேனான்ஜாங் உங்களுக்குத் தெரிந்த ஊர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1859-ல் டிரேக் துளையிட்ட கிணற்றிலிருந்துதான் உலக எண்ணெய் வரலாற்றைப் பலரும் தொடங்குவார்கள். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1795-ல் பர்மாவின் ஆவா அரசவைக்குத் தூது வந்த மைக்கேல் சைம்ஸ் யேனான்ஜாங் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி எழுதிவிட்டார். 1797-ல் வந்த ஹிரம் காக்ஸ், ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிணறுகள் இருந்ததைக் குறித்திருக்கிறார். மண்பானைகளில் நிரப்பிய எண்ணெய் படகேறி ஆற்றோடு கீழே வந்தது. விளக்குக்கும், மரத்தில் கரையான் ஏறாமல் பூசுவதற்கும், படகின் அடிப்பலகைக்கும் அது பயன்பட்டது.

அந்தக் கிணறு தோண்டப்பட்ட விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாலடிச் சதுரக் குழி. பக்கவாட்டு மண் சரியாமல் இருக்க மரச்சட்டம் அடுக்கிக்கொண்டே இறங்குவார்கள். மேலே ஒரு மர உருளை. அதன் மேல் ஓடும் கயிற்றின் ஒரு முனையில் தோண்டுபவர் தொங்குவார், மறுமுனையை ஆட்கள் சரிவில் இழுத்துக்கொண்டு நடப்பார்கள். உள்ளே எண்ணெய் ஆவி மூச்சை அடைக்கும். ஆழம் கூடக்கூட ஒரு முறைக்குச் சில நிமிடங்கள்கூடத் தாங்க முடியாது. விளக்கு கொண்டுபோனால் தீப்பிடிக்கும். எனவே இறங்கும் முன்பே கண்ணைத் துணியால் கட்டி இருட்டுக்குப் பழக்குவார்கள். மேலிருந்து கண்ணாடி பிடித்து வெயிலைக் குழிக்குள் திருப்புவார்கள். இருநூறு அடிக்கும் கீழே இப்படித்தான் போனார்கள்.

இந்த உழைப்பின் மேல் ஓர் உரிமை முறை இருந்தது. கிணறு தோண்டும் உரிமை த்வின்சா எனப்பட்ட 24 பரம்பரைக் குடும்பங்களிடம் இருந்தது. அவற்றில் சில பெண்வழித் தலைமை கொண்டவை. அரசருக்குப் பங்கு உண்டு, தோண்டியவருக்குக் கூலி உண்டு, உரிமையாளருக்கு வருவாய் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மின்டோன் மன்னர் எண்ணெய்க் கொள்முதலை அரச ஏகபோகமாக்கினார். மூலம் நிலத்தடியில் கிடக்கும் வரை அது இயற்கை. அதன் மேல் ஒருவருடைய உரிமை எழுதப்பட்ட பிறகுதான் அது எரிசக்தியாகிறது. இதை மாணவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

2. தொழில்நுட்பம்: தூரம் யார் கையில்?

1886 ஜனவரி 1 அன்று மேல் பர்மா பிரிட்டிஷ் ஆட்சியில் இணைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஸ்காட்லாந்து வணிகர் டேவிட் கார்கில் பர்மா ஆயில் கம்பெனியைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் யேனான்ஜாங்கில் எந்திரத் துளைப்பான்கள் வந்தன. கைக்கிணறு எட்டாத ஆழத்தை அவை எட்டின. த்வின்சாக்களின் உரிமையைச் சட்டம் அடியோடு ஒழிக்கவில்லை. அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. ஆனால் பக்கத்து நிலத்தில் ஆழத் துளைத்தவர் கைக்கே எண்ணெய் போனது. உரிமை இருந்தும் எட்டும் வலிமை இல்லாவிட்டால் அது தேய்ந்துபோகும்.

துளைப்பானைவிட முக்கியமானது குழாய். எண்ணெய் கிடைத்தது மத்திய பர்மாவின் வறண்ட நிலத்தில். சுத்திகரிப்பு ஆலை இருந்தது உங்கள் நகரத்துக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில், இன்று தன்லியின் என்று வழங்கும் சிரியத்தில். நடுவே நூற்றுக்கணக்கான மைல். முதலில் தட்டைப் படகுகள் சுமந்தன. 1908, 1909 வாக்கில் ஏறத்தாழ 275 மைல் நீளக் குழாய் போடப்பட்டது. குழாய் வைத்திருப்பவர் சொல்வதே விலை. கிணறு வைத்திருக்கும் சிறியவர் அவரிடம்தான் விற்றாக வேண்டும். நூறாண்டு கழித்தும் இந்த விதி மாறவில்லை. மின்கம்பிக்கும் எரிவாயுக் குழாய்க்கும் இது அப்படியே பொருந்தும்.

சிரியம் ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வங்கக்கடல் தாண்டி வந்தவர்கள். தெலுங்கர் மிகுதி, தமிழரும் இருந்தனர். எண்ணெய் வயல்களில் பர்மியர் உழைத்தனர். 1938-ல் சௌக், யேனான்ஜாங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து இன்றைய யாங்கோனான ரங்கூன் நோக்கி நடந்தே வந்தார்கள். பர்மிய ஆண்டுக் கணக்கில் 1300-ஆம் ஆண்டுப் புரட்சி என்று வரலாறு நினைவு வைத்திருக்கும் எழுச்சிக்கு அந்த நடை ஒரு தொடக்கம்.

இங்கே ஈட்டிய பணமும் அனுபவமும் இங்கேயே நிற்கவில்லை. பாரசீகத்தில் எண்ணெய் தேடிப் பணம் கரைந்துகொண்டிருந்த டார்சி என்பவரின் முயற்சிக்குக் கைகொடுத்தது பர்மா ஆயில். 1908 மே மாதம் அங்கே மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. 1909-ல் ஆங்கிலோ பெர்சியன் ஆயில் கம்பெனி உருவானது, இன்றைய பி.பி. நிறுவனத்தின் மூலவேர் அதுதான். ஐராவதிக் கரையின் லாபம் மத்தியக் கிழக்கின் எண்ணெய் யுகத்தைத் திறக்க உதவியது.

3. வணிகம்: டின்னில் வந்த வெளிச்சம்

பர்மா எண்ணெய்க்கு மிகப் பெரிய சந்தை இந்தியா. என் தாத்தா காலத்துத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் சிம்னி விளக்குக்கும் அரிக்கேன் விளக்குக்கும் ஊற்றிய சீமெண்ணெய் தகர டின்னில் வந்தது. டின் காலியானதும் அதற்கு இரண்டாம் பிறவி. கட்டை அடித்தால் தண்ணீர் சுமக்கும், தட்டி விரித்தால் கூரை ஓட்டையை அடைக்கும். பர்மா என்ற பெயர் பல வீடுகளுக்குள் அந்த டின்னோடுதான் நுழைந்தது.

அமெரிக்க எண்ணெயும் ரஷ்ய எண்ணெயும் அதே சந்தையில் போட்டியிட்டன. பர்மா எண்ணெய் வென்றதற்குத் தரம் மட்டும் காரணமன்று. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். எனவே அங்கிருந்து வந்த எண்ணெய்க்குச் சுங்கவரி இல்லை. அயல்நாட்டு எண்ணெய்க்கு உண்டு. அதன் மேல் பெரிய கம்பெனிகள் தமக்குள் சந்தையைப் பகிர்ந்துகொண்டன. 1928-ல் பர்மா ஆயிலும் ஷெல்லும் சேர்ந்து இந்திய விற்பனைக்கென்று பர்மா ஷெல் நிறுவனத்தை அமைத்தன. அது 1976-ல் இந்திய அரசுடைமையாகி, இன்று பாரத் பெட்ரோலியமாக இருக்கிறது.

இங்கே வணிகம் கற்கும் மாணவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. எரிபொருள் விலை என்பது எடுக்கும் செலவோடு லாபத்தைக் கூட்டிய தொகை மட்டுமன்று. வரி, போக்குவரத்து, போட்டியாளரோடு செய்துகொண்ட உடன்பாடு, ஆட்சி எல்லை ஆகிய நான்கும் அதற்குள் உட்கார்ந்திருக்கின்றன. எல்லைக் கோடு மாறினால் விலை மாறும். போர் வந்தால் எல்லாமே போகும். ஜப்பானியப் படை நெருங்கிய 1942-ல், எதிரி கைக்குப் போகக் கூடாது என்று மார்ச் மாதம் சிரியம் ஆலையையும் ஏப்ரலில் எண்ணெய் வயல்களையும் பிரிட்டிஷார் தாங்களே தகர்த்தார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவுக்கு எண்ணெய் தந்த தொழில், விடுதலைக்குப் பிறகும் பல ஆண்டுகள் பழைய நிலைக்கு எழவில்லை. 1963-ல் அது நாட்டுடைமையானது.

4. கணக்கில் ஏறாத எரிபொருள்: உமியும் கரியும்

எண்ணெய்க்குக் கம்பெனியும் கணக்கும் இருந்தன. அப்படி எதுவும் இல்லாமல் இந்த நகரத்தை ஓட்டிய எரிபொருள்கள் இரண்டு.

முதலாவது உமி. டெல்டாவில் விளைந்த நெல்லை அரைத்த ரங்கூன் ஆலைகளின் நீராவி எந்திரங்கள் உமியை எரித்தே ஓடின. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அரைக்க வந்த நெல்லே அரைக்கும் சக்தியையும் கொண்டுவந்தது. வெளியிலிருந்து நிலக்கரி வாங்க வேண்டியிருக்கவில்லை. இந்த நெல் பொருளாதாரத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் முகல் தெருவில் பெட்டியடி வைத்திருந்த நகரத்தார். 1930 வாக்கில் வெளிவந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அறிக்கை அவர்கள் முதலீட்டை 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அவர்களுடைய பேரேடுகளில் நெல் இருந்தது, நிலம் இருந்தது, வட்டி இருந்தது. உமி ஒரு பற்றுவரவாகவும் இல்லை. அண்மைக் காலத்தில் சிற்றூர் ஆலைகள் உமியை வாயுவாக்கி எந்திரம் ஓட்டின. ஒன்றரை முதல் இரண்டு கிலோ உமிக்கு ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும். நல்ல முறைதான். ஆனால் வாயுவைக் கழுவிய கருந்தாரும் தண்ணீரும் வாய்க்காலில் விடப்பட்ட ஊர்களில் அதன் விலையை ஆற்றுநீர் குடித்தவர்கள் கொடுத்தார்கள்.

இரண்டாவது கரி. 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மியன்மாவில் பத்தில் எட்டு வீடுகள் விறகிலோ கரியிலோ சமைத்தன. யாங்கோன் அடுப்புகளுக்குக் கரி தந்தது டெல்டாவின் அலையாத்திக் காடு. பல பத்தாண்டுகள் வெட்டிச் சுட்டதில் காடு மெலிந்தது. மிஞ்சியதிலும் ஒரு பகுதியை நெல் வயலும் இறால் பண்ணையும் எடுத்துக்கொண்டன. 2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் கரையேறியது. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அலையாத்திக் காடு அடர்ந்து நின்றிருந்தால் கடலலையின் வேகம் தணிந்திருக்கும் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு அப்போதே சொன்னது.

ஒரு மூட்டைக் கரியின் விலையில் மரம் வெட்டிய கூலி இருந்தது, சுட்ட கூலி இருந்தது, படகு வாடகை இருந்தது. கரையைக் காத்த மரத்துக்கு அதில் எந்த மதிப்பும் இல்லை. கணக்கில் ஏறாத செலவை யாரோ ஒருவர் கட்டத்தான் செய்கிறார். அவர் பெரும்பாலும் ஏழையாகவே இருக்கிறார். எரிசக்தி வணிகம் படிப்பவர்கள் எந்த வாய்பாட்டை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

5. கம்பியும் குழாயும்: யாருக்காக எழுதிய ஒப்பந்தம்?

இரண்டு நீர்மின் நிலையங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். நீலகிரியின் பைகாரா 1932-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. கம்பி மலையிறங்கியதும் அண்டையில் இருந்த கோயம்புத்தூருக்குப் போனது. பஞ்சாலைகள் பெருகின, கிணற்றடியில் கமலை போய் மோட்டார் வந்தது, மோட்டார் செய்யும் பட்டறைகள் எழுந்தன. கோவையின் இன்றைய பம்புத் தொழிலுக்கு அந்தக் கம்பி ஒரு வேர். இங்கே கயா மாநிலத்தின் பலூச்சாங் ஆற்றில், லாபித்தா அருவியருகே, ஜப்பானின் போர் இழப்பீட்டு நிதியில் எழுந்த நிலையம் 1960-ல் ஓடத் தொடங்கியது. உங்கள் நகரத்துக்கு நெடுங்காலம் வெளிச்சம் தந்த நிலையம் அது. ஆனால் உயர் அழுத்தக் கம்பி தலைக்கு மேல் போக, கீழே இருந்த கயா கிராமங்கள் பல ஆண்டுகள் விளக்கின்றிக் கிடந்தன. நீர் ஒன்று, விசையாழி ஒன்று. கம்பி எங்கே இறங்க வேண்டும் என்ற முடிவுதான் வேறு.

எரிவாயுவுக்கு வருவோம். அந்தமான் கடலில் யடானா வயல் 1982-ல் கண்டறியப்பட்டது. கடலடி எரிவாயுவை எடுக்க நூறு கோடி டாலருக்கு மேல் முதலீடு வேண்டும். அவ்வளவு பணம் போடுபவர், டாலரில் பணம் கட்டும் நம்பகமான வாங்குபவரை முதலில் தேடுவார். 1995-ல் தாய்லாந்தின் அரசு எண்ணெய் நிறுவனத்தோடு 30 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. இத்தகைய ஒப்பந்தங்களில், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறித்த அளவுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற விதி இருக்கும். கடன் கொடுப்பவர் நம்பி இறங்குவது அந்த விதியைப் பார்த்துத்தான். 1998-ல் எரிவாயு தாய்லாந்துக்கு ஓடியது. அதன் பெரும்பகுதி அங்கே மின்சாரமானது. 2013-ல் ஷ்வே வயலின் எரிவாயு கியாவ்பியூவிலிருந்து சீனாவின் யுன்னான் நோக்கிப் போனது.

ஏற்றுமதி தவறு என்று நான் சொல்லவில்லை. அந்நியச் செலாவணி ஒரு நாட்டுக்கு வேண்டும். வந்த டாலர் எத்தனை மின்கம்பமாக மாறியது என்பதுதான் கேள்வி. 2014-ல் மூன்றில் ஒரு வீட்டில்தான் மின்விளக்கு எரிந்தது. பாதி வீடுகளுக்கு மின்சாரம் எட்டியது 2019 டிசம்பரில்தான்.

மறுபக்கம் உள்நாட்டுக் கட்டணம். பல ஆண்டுகள் வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 35 முதல் 50 கியாட் வரை இருந்தது. அது உற்பத்திச் செலவைவிடக் குறைவு. விலை குறைவு என்று மக்கள் மகிழலாம். ஆனால் நட்டத்தில் விற்கும் வாரியத்தால் புதுக் கம்பி இழுக்க முடியாது, பழைய மின்மாற்றியை மாற்ற முடியாது. கம்பி எட்டாத கிராமம்தான் அந்த மலிவு விலையின் சுமையைத் தாங்கியது. 2019 ஜூலையில் கட்டணம் உயர்த்தப்பட்டபோது, முதல் 30 யூனிட்டுக்கு 35 கியாட் என்பதைத் தொடாமல், 200 யூனிட்டுக்கு மேல் 125 கியாட் என்று படிப்படியாக வைத்தார்கள். கொள்கையளவில் அது நியாயமான அமைப்பு. அதற்கு நேர்மாறானது 2007 ஆகஸ்ட் 15. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் டீசல் விலை ஒரே நாளில் இரு மடங்கானது. பேருந்துகளை ஓட்டும் எரிவாயுவின் விலை ஐந்து மடங்கானது. வேலைக்குப் போகிறவர்களால் பேருந்துக் கட்டணம் கொடுக்க முடியவில்லை. அங்கிருந்து கிளம்பிய குமுறலே பிக்குகள் தெருவிறங்கிய போராட்டமாக வளர்ந்தது. விலையை மாற்றலாம், சொல்லாமல் மாற்றக் கூடாது, ஏழையைக் காக்காமல் மாற்றக் கூடாது.

6. சூரியன்: புதிய மூலம், அதே கேள்வி

இன்று யாங்கோனில் மின்சாரம் முறை வைத்து வருகிறது. நடைபாதையில் ஜெனரேட்டர் இரைகிறது. மாடி வீட்டு முன்கட்டிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றில் செய்தித்தாள் ஏறுகிறது; அதே முன்கட்டின் கம்பியில் சோலார் பலகை சாய்ந்திருக்கிறது. எனவே கடைசிக் கூறு உங்கள் வீட்டுக் கணக்கு.

மூன்று எல்.இ.டி. விளக்கு ஐந்து மணி நேரம், ஒரு மின்விசிறி எட்டு மணி நேரம், அத்துடன் கைப்பேசி, இணையப் பெட்டி. எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய முக்கால் யூனிட் ஆகும். தடையில்லாமல் வெயில் படும் 400 வாட் பலகை கோடையில் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் தரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை உங்கள் மழையில் அது பாதிக்குக் கீழே இறங்கும் நாட்கள் வரும். எனவே பலகையை மழைக்காலத்துக்கு அளந்து வாங்க வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரியில் எழுத்தளவில் 1.2 யூனிட் இருக்கிறது. ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். எனவே கையில் கிடைப்பது 0.6 யூனிட்தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒரு யூனிட்வரை தரும்; ஏற்றி இறக்கும் சுழற்சியும் சில மடங்கு கூடுதல். கடையில் சொல்லும் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். வாழ்நாளில் அது தரப்போகும் மொத்த யூனிட்டால் வகுத்துப் பாருங்கள்.

2010-க்குப் பிறகு சோலார் பலகை விலை பத்தில் ஒரு பங்களவுக்கு இறங்கிவிட்டது. சூரியனுக்குக் கிணறு இல்லை, குழாய் இல்லை, த்வின்சா இல்லை. ஆனால் பலகையில் பெரும்பகுதி ஒரே நாட்டிலிருந்து வருகிறது; பேட்டரியும் அப்படியே. ஆனாலும் பலகை ஒருமுறை கூரை ஏறிவிட்டால் எரிபொருளுக்கு எவரிடமும் கைநீட்ட வேண்டாம். எனவே உரிமை பற்றிய கேள்வி வாங்கும் நாளோடு, பழுது பார்க்கும் கையோடு இணைந்துவிடுகிறது. உங்கள் முன்னோர் பலர் மழை பொய்த்த ராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறியவர்கள். அதே மாவட்டத்தின் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சோலார் நிலையம் ஓடுகிறது. ஆட்களை ஊரைவிட்டு விரட்டிய வெயில் இன்று மின்சாரமாகிறது. அந்த மின்சாரமும் பொதுக் கம்பியில்தான் ஏறுகிறது. பக்கத்துக் கிராமத்து இளைஞனுக்கு அதில் வேலையும் பங்கும் எவ்வளவு என்ற கேள்வியை அங்கேயும் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்பர்களே, எரிசக்தி பற்றிய எந்தத் திட்டம் உங்கள் முன் வந்தாலும், அது நாட்டளவிலானாலும் தெருவளவிலானாலும், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மூலத்தின் உரிமை யாருக்கு? குழாயும் கம்பியும் யார் கையில்? விலைக்குள் ஏறாத செலவை யார் கட்டுகிறார்? பயன்படுத்துபவர் ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கிறார்?

தெருவளவில் தொடங்க உங்களால் முடியும். கோயில் மண்டபக் கூரை, பள்ளிக் கூரை, சங்கக் கட்டடக் கூரை மூன்றும் வெயிலில்தான் கிடக்கின்றன. நாலைந்து குடும்பங்களோ ஒரு சங்கமோ சேர்ந்து பலகையும் பேட்டரியும் வாங்குங்கள். வாங்கிய விலை, கிடைத்த யூனிட், பழுதுச் செலவு மூன்றையும் மாதந்தோறும் எல்லோரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். பொறியியல் படிக்கும் பிள்ளைக்குக் கணக்குப் பதிவும், வணிகம் படிக்கும் பிள்ளைக்கு மின்சுற்றும் கற்றுக்கொடுங்கள். பெண்பிள்ளைகளைப் பழுதுபார்க்கும் பயிற்சிக்கு அனுப்புங்கள். இந்த அறக்கட்டளை அடுத்த ஆண்டு நடத்தும் சொற்பொழிவுக்கு முன், இந்தத் தெருவில் ஒரு பள்ளிக் கூரையாவது தன் பிள்ளைகள் படிக்கும் விளக்குக்குத் தானே மின்சாரம் தர வேண்டும். அதை இந்த அவை ஏற்றுச் செய்து முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.